தயாளனும் வன்கண்ணனும்

ஒரு கதையை நாம் நன்கு அறிவோம் என்ற எண்ணமே அதனைக் கூர்ந்து படிப்பதற்குத் தடையாகிவிடுவதுண்டு. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்திலே வரும் திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமை அத்தகையது. கோயிற் பிரசங்கங்களிலும் மறைக்கல்வி வகுப்புக்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது அது. கடவுளின் தயாளம் மனிதரின் நீதியிலும் பெரிது என்பதே அதன் பொருளென ஒரு வாக்கியத்திற் கூறி முடித்துவிடுவர். அக்கூற்றுப் பிழையென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் தயாளம் என்பது யாது, நீதி என்பது யாது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு எது செல்கின்றது என்னும் வினாக்களை எழுப்பாதவரை, அது வெறும் புகழ்மொழியாகவே நின்றுவிடும். கதையோ கூலியைப் பற்றியது, வேலையின்மையைப் பற்றியது, உழைப்பவர்கள் தமக்குள்ளே கொள்ளும் மனக்கசப்பைப் பற்றியது. மேலுலகத்துக்குப் போகுமுன் நாம் இவ்வுலகத்துக் கடைத்தெருவிலே சிறிது நேரம் நின்று பார்த்தல் வேண்டும்.

கதையின் அமைப்பு எளியது. திராட்சத் தோட்டம் ஒன்றின் எசமான் விடியற்காலையிற் கடைத்தெருவுக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசிச் சிலரை அமர்த்துகிறான். காலை ஒன்பது மணியளவிலும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் மீண்டும் சென்று மேலுஞ் சிலரை அனுப்புகிறான். இவர்களிடம் தொகை எதுவும் பேசப்படவில்லை. நியாயமானதைத் தருவேன் என்கிறான். மாலை ஐந்து மணிக்கு, அதாவது அவர்களின் கணக்கிற் பதினோராம் மணி வேளையிலே, மறுபடியும் போகின்றான். அங்கே இன்னுஞ் சிலர் நிற்கின்றனர். நாள் முழுவதும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்க, எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கின்றனர். அவர்களையும் அனுப்புகிறான். பொழுது சாய்ந்ததும் காரியக்காரனை அழைத்துக் கடைசியாக வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர்வரை கூலி கொடுக்கச் சொல்கிறான். ஒரு மணிநேரம் வேலைசெய்தவனுக்கு ஒரு தெனாரியம். பகலின் பாரத்தையும் வெயிலையும் சுமந்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம். முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கின்றனர். பேசிய கூலி உனக்குக் கிடைத்தது, என்னுடையதை நான் விரும்பியவாறு செய்ய எனக்கு உரிமை இல்லையா, என் நற்குணம் உன் கண்ணை உறுத்துகின்றதா என்று எசமான் கேட்பதோடு கதை நின்றுவிடுகிறது. வேலையாள் என்ன பதில் சொன்னான் என்பது நமக்குச் சொல்லப்படவில்லை.

கதை சொல்லியவரின் திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டினை முதலிற் சுட்டலாம். முதலில் வந்தவருக்கு முதலிற் கூலி கொடுத்திருந்தால், அவர்கள் பேசிய தொகையைப் பெற்று மனநிறைவோடு வீடு சென்றிருப்பர், சிக்கலும் எழுந்திராது. கொடுக்கும் வரிசையைத் தலைகீழாக்கி, முதல்வந்தவரைச் சாட்சிகளாக நிறுத்திவைத்ததனாலேயே கதை பிறக்கின்றது. கடைசி ஆளின் கையில் முழு நாணயம் விழுந்தபோது முதல் ஆளின் நெஞ்சிலே ஓர் எதிர்பார்ப்பு எழுகின்றது. அந்த எதிர்பார்ப்பு உடைகின்ற ஓசையே முறுமுறுப்பு. குறைவாகப் பெற்றோம் என்று அவன் சொல்லவில்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டாயே என்பதுதான் அவனது குற்றச்சாட்டு. கதையின் உயிர்நிலை இச்சமம் என்ற சொல்லிலேயே உள்ளது.

இனி, கதையின் சமுதாயப் பின்னணியை நோக்குவோம். தெனாரியம் என்பது றோமானிய வெள்ளி நாணயம். ஒருநாட் கூலியாகப் பெறப்பட்ட அத்தொகை ஒரு குடும்பத்தின் அன்றைய உணவுக்குப் போதுமானது. மிச்சம் பிடிப்பதற்குப் போதுமானதன்று. பொழுது சாயுமுன் கூலிக்காரனின் கூலியைக் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் அவன் ஏழை, அதன்மீதே அவன் உயிர் தங்கியிருக்கின்றது என்று உபாகம நூலின் 24ஆம் அதிகாரம் விதித்திருந்தது. எனவே மாலையில் எசமான் கூலி கொடுப்பது அவனது கருணையன்று. யூதரின் பழைய சட்டம் உழைப்பாளிக்குப் பெற்றுக்கொடுத்த உரிமை அது.

வேலையளவின்படியான நீதி கடைசி ஆளுக்கு எதனைக் கொடுத்திருக்கும்? பகற்பொழுது பன்னிரண்டு மணிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு மணிநேரம் உழைத்தவனுக்கு உரியது தெனாரியத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்பெறுமதியுள்ள சிறு நாணயமொன்று யூதரிடையே வழங்கியது. பொந்தியோன் என்பது அதன் பெயர். கி. பி. 200 அளவிலே தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத சட்டத் தொகுப்பு, ஊர்விட்டு ஊர்செல்லும் ஏழைக்கு ஒரு பொந்தியோன் பெறுமதியான அப்பத்துக்குக் குறைவாகக் கொடுக்கலாகாது என்கின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அளந்து கொடுக்கும் நீதி கடைசி வேலையாளை வழிப்போக்கனான இரவலனின் நிலையிலேயே நிறுத்தியிருக்கும். அவன் உழைத்திருப்பான், ஆனால் அவன் வீட்டுக்குக் கொண்டு போவது பிச்சையின் அளவாகவே இருந்திருக்கும். முறுமுறுத்தவர்கள் கோரிய நீதியின் நடைமுறைப் பொருள் இதுவே.

அவர்கள் கடைத்தெருவில் நின்றது சோம்பலினாலா? தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவர்கள் ‘சும்மா’ நின்றதாகக் கூறும். கிரேக்க மூலத்திலுள்ள ‘ஆர்கோஸ்’ என்னும் சொல் வேலை என்பதன் எதிர்மறையாகப் பிறந்தது. வேலையற்றவன் என்பதே அதன் அடிப்படைப் பொருள். நமது ‘சும்மா’ என்ற சொல்லிலோ வேலையின்மையும் வேலையில் விருப்பமின்மையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இக்கலப்பு மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் உரியதன்று. இயேசுவின் உவமைகள் பற்றிய ஆய்வில் இருபதாம் நூற்றாண்டிலே பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்த ஜேர்மன் அறிஞர் யோவாக்கிம் ஜெரமியாஸ், 1947இல் வெளிவந்த தமது நூலில், ஒருவரும் எங்களை அமர்த்தவில்லை என்ற மறுமொழியை வெறுஞ் சாக்காகவும் கீழைத்தேயத்தாரின் இயல்பான அசட்டையை மறைக்கும் திரையாகவும் கருத இடமளித்தார். அதே அறிஞர்தாம், ஒரு மணிநேரக் கூலி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது என்ற இரக்கத்தினாலேயே எசமான் முழுக்கூலி கொடுத்தான் என்பதையும் தெளிவாக எடுத்துரைத்தார். ஏழையின் வயிற்றைப் புரிந்துகொண்டவர் அவனது வாய்ச்சொல்லை நம்ப மறுத்தமை வியப்புக்குரியது. ஒரு சமூகத்தின் கல்விமான்களிடத்து இவ்வகைச் சந்தேகம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கின்றது என்பதற்கு இது சான்று.

கதையிலே எசமான்கூட அவர்களின் சொல்லை நம்புகிறான். வரலாறும் அவர்கள் பக்கமே நிற்கின்றது. எருசலேம் தேவாலயத் திருப்பணி முடிவடைந்தபோது, ஏறத்தாழக் கி. பி. 60களின் முற்பகுதியில், பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட வேலையாட்கள் தொழிலற்று நின்றனர் என்று வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். மக்கள் மன்னன் இரண்டாம் அகிரிப்பாவிடம் சென்று, தேவாலயத்தின் கீழைத் தூண்மண்டபத்தை உயர்த்தும் வேலையைத் தொடங்குமாறு கேட்டனர். அவன் அதனை மறுத்து, நகரின் தெருக்களுக்கு வெண்கல் பாவ அனுமதியளித்தான். அத்திருப்பணியிலே ஒரு மணிநேரம் மட்டும் வேலைசெய்தவனுக்கும் அதற்குரிய கூலி உடனே கொடுக்கப்பட்டதாம். ஆகவே, வேலை தேடி நிற்கும் கூட்டம் உவமைக்காகக் கற்பிக்கப்பட்டதன்று. கேட்டவர்கள் நாள்தோறும் கண்ட காட்சியே அது.

ஆனால் கதை நூல்வடிவம் பெற்றுச் சபையின் சொத்தாகிய பின்னர், கூலியும் வெயிலும் மெல்ல மறையலாயின. இரண்டாம் நூற்றாண்டின் இரேனேயு, ஐந்து அழைப்புக்களையும் உலக வரலாற்றின் ஐந்து காலங்களாகக் கண்டார். அவருக்குப் பின்வந்த ஒரிகேன் அவற்றை மனித வாழ்வின் பருவங்களாக, குழந்தைமை முதல் முதுமைவரை ஒருவன் விசுவாசத்துக்கு வரும் வேளைகளாக, விளக்கினார். அகுஸ்தீனுக்குத் தெனாரியம் நித்திய வாழ்வாயிற்று. கிறிசொஸ்தோமின் பெயரால் வழங்கும் உயிர்ப்புவிழாப் பிரசங்கம், பதினோராம் மணிக்கு வந்தவனும் அஞ்சாமல் விருந்துக்கு வரலாம் என்று அழைக்கின்றது. கீழைத் திருச்சபைகளிலே இன்றும் அது வாசிக்கப்படுகின்றது. இவ்விளக்கங்களில் அழகில்லை என்று கூறுவதற்கில்லை. முதுமையில் மனந்திரும்பியவனும் தள்ளப்பட்டவனும் அவற்றிலே ஆறுதல் கண்டனர். ஆனால் தெனாரியம் நித்திய வாழ்வானபோது, அது அப்பமாயிருந்தது என்ற நினைவு அற்றுப்போயிற்று.

நினைவு அற்றுப்போன இடத்திலே வேறொன்று புகுந்துகொண்டது. 1829இல் இங்கிலாந்தின் நியூவாக் தொகுதியிலே தமது வேட்பாளருக்கு எதிராக வாக்களித்த குடியிருப்பாளரை நியூகாசில் கோமகன் வீடுகளிலிருந்து வெளியேற்றினார். கண்டனம் எழுந்தபோது, தமக்குரியதைத் தாம் விரும்பியவாறு செய்யத் தமக்கு உரிமையில்லையா என்று கேட்டார். உவமையின் எசமான் கேட்ட கேள்வி அது. அங்கே கூடுதலாகக் கொடுப்பதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி, இங்கே கூரையைப் பறிப்பதற்காகக் கேட்கப்பட்டது. 1831 ஒக்டோபரில், தேர்தற் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தபோது, நொற்றிங்காம் நகரிலிருந்த அக்கோமகனின் கோட்டையை மக்கள் கூட்டம் எரித்தது. இதனைக் கோமகன் ஒருவரின் தவறான வாசிப்பென்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கதையிலே அக்கேள்வி இருக்கிறது. சொத்துடைமையின் தங்குதடையற்ற உரிமையை அது எடுத்துக்கொள்கிறது. அதனைக் கடவுள் என்ற ஒருவரின் வாயில் வைத்துப் படித்துப் பழகியவர்கள், நிலப்பிரபுவின் வாயில் வரும்போதும் தலைகுனியப் பழகிவிடுகின்றனர்.

இவ்விடத்திலே தமிழ் மொழிபெயர்ப்பினை மீண்டும் நோக்குதல் பயனுடைத்து. எசமானின் இறுதிக் கேள்வியில் மூலம் இரு சொற்களை எதிரெதிரே நிறுத்துகின்றது. ஒன்று நல்லவன் என்று பொருள்படுவது. மற்றது தீய கண் என்பது. பழைய தமிழ் வேதாகமம் முன்னதைத் ‘தயாளன்’ என்றும் பின்னதை ‘வன்கண்ணன்’ என்றும் பெயர்க்கின்றது. நல்லவன் தயாளனாகும்போது, கூலி தருமமாகிவிடுகின்றது. வாங்குபவன் தருமம் பெறுபவனாகிறான். வன்கண்ணன் என்ற சொல்லோ இன்னும் ஆழமான சிந்தனைக்கு இடமளிப்பது. திருக்குறளின் ஈகை அதிகாரத்திலே 228ஆம் குறள் வன்கணவர் என்போரைக் குறிப்பிடுகின்றது. அவர்கள் யார்? கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாது, தம் உடைமையைச் சேர்த்துவைத்துப் பின் இழப்பவர்கள். அதாவது வள்ளுவரிடத்தில் வன்கண்மை பொருளுடையவனின் குற்றம். தமிழ் வேதாகமத்திலோ அதே பழிச்சொல், வெயிலில் நின்று உழைத்த கூலியாளின் தலைமீது விழுகின்றது. மொழிபெயர்த்தவர் பிழைசெய்தார் என்று நாம் கூறவில்லை. பொறாமைக் கண்ணைக் குறிக்க அது பொருத்தமான சொல்லே. ஆயினும் தமிழ் மரபிலே ஒரு சொல் யாரைச் சுட்டி நின்றதோ அதற்கு நேரெதிரான இடத்திற்கு அது பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த சொல்லோடு கதையின் சிக்கலும் வெளிச்சத்துக்கு வருகின்றது. இங்கே வன்கண்ணன் உண்மையில் யார்?

மற்றுமொரு சொல்லையும் கவனிக்கலாம். முறுமுறுத்தவனை எசமான் தோழனே என்று விளிக்கிறான். மூலத்திலுள்ள இவ்விளி மத்தேயுவின் நூலில் மூன்று இடங்களிலே மட்டும் வருவது. மற்றைய இரண்டில் ஒன்று, கலியாண உடையின்றி விருந்துக்கு வந்து வெளியே தள்ளப்பட்டவனுக்கு உரியது. இன்னொன்று, காட்டிக்கொடுக்க வந்த யூதாசுக்கு உரியது. மூன்றிடத்தும் பேசுபவன் உயர்ந்த இடத்தில் நிற்கிறான். கேட்பவன் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கிறான். தோழமை என்பது இங்கே சொல்லளவில் மட்டுமே உள்ளது.

இக்காரணங்களால் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஹேர்சொக் 1994இல் வெளியிட்ட நூலொன்றில், இக்கதையின் எசமானைக் கடவுளாகக் கொள்வதே தவறு என்று வாதிட்டார். அவர் கருத்தின்படி, கூலி பேச இடங்கொடாமல் தன் சொல்லையே சட்டமாக்கி, உழைப்பாளரை ஒருவருக்கொருவர் எதிராக்கி, வாய்திறந்தவனை அவமதிக்கும் ஒரு நிலவுடைமையாளனையே இயேசு அம்பலப்படுத்துகின்றார். துணிவான வாசிப்பு இது. மறைக்கப்பட்டவற்றை அது மீட்டுத் தருகின்றது. எனினும் அதனோடு முற்றாக உடன்படல் நமக்கு இயலவில்லை. கடைசி ஆளின் கையிலே முழுத் தெனாரியம் இருக்கின்றது. அன்றிரவு அவனது வீட்டில் அடுப்பு எரியும். சுரண்டுபவனின் தந்திரமாக மட்டும் அதனைக் காண்பது, கதையிலே மிகக் கீழ்நிலையில் நின்றவனின் மகிழ்ச்சியைக் கணக்கிற் கொள்ளாது விடுவதாகும். தயாளத்தைத் தெய்வீகம் என்று மட்டும் புகழ்வோரும், வஞ்சகம் என்று மட்டும் இகழ்வோரும் கதையின் ஒரு பாதியையே படிக்கின்றனர்.

இவ்வுவமையின் இரு பாதிகளையும் ஒருங்கே உணர்ந்த இலக்கியப் படைப்பு ஒன்றைத் தேடுவோமாயின், பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த, முத்து என்னும் பொருளுடைய ‘பேர்ள்’ எனும் நெடுங்கவிதையைக் குறிப்பிடுதல் தகும். அதனை இயற்றியவர் பெயர் தெரியாது. ஒரேயொரு கையெழுத்துப் பிரதியிலே அது தப்பிப் பிழைத்தது. இரண்டு வயது நிரம்பு முன் இறந்துபோன பெண்குழந்தையை ஒரு தந்தை கனவிலே காண்கிறான். அவள் வானுலகில் அரசியாக வீற்றிருக்கிறாள். தந்தைக்கு மகிழ்ச்சியோடு ஒரு முறைப்பாடும் எழுகின்றது. மந்திரமும் செபமும்கூட அறியாத குழந்தை முதல்நாளிலேயே அரசியாவது எப்படி, நெடுங்காலம் துன்பத்தைச் சுமந்தவர்களுக்கு அப்புறம் என்ன மிஞ்சும் என்று கேட்கிறான். மகள் விடையாகத் திராட்சத் தோட்டக் கதையைச் சொல்கிறாள். இங்கே முறுமுறுப்பவன் அயலானல்லன். இறந்த பிள்ளையின் தந்தை. தன் பிள்ளைக்குக் கிடைத்த பேற்றையே கணக்குப் பார்க்கும் அளவுக்கு, அளந்து கொடுக்கும் நீதி மனிதனின் எலும்புவரை ஊறிப்போயுள்ளது என்பதனை அக்கவிஞர் இரக்கத்தோடு காட்டுகிறார். முறுமுறுத்தவனை அவர் வன்கண்ணன் என்று ஒதுக்கவில்லை. அவனும் துயருற்றவன் என்று அறிகிறார்.

அக்கவிதை எழுந்த காலமும் கருத்திற் கொள்ளற்பாலது. 1348–49இன் கொள்ளைநோய் இங்கிலாந்தின் உழைப்பாளரைப் பெருந்தொகையாக அழித்தது. எஞ்சியோர் கூடுதலான கூலி கேட்டனர். 1351இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், கூலியைக் கொள்ளைநோய்க்கு முந்திய மட்டத்திலே கட்டிப்போட முயன்றது. 1381இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். கூலி பேசுதலும் முறுமுறுத்தலும் அந்நாட்களில் உயிருள்ள பிரச்சினைகள். கவிதையிலே தோட்டத்து வேலையாட்களின் களைப்பும் முறைப்பாடும் பெறும் உயிர்ப்பினை இப்பின்னணியோடு தொடர்புபடுத்திக் காணும் ஆய்வாளர் உளர். விண்ணுலகக் கனவிலும் மண்ணுலகக் கூலிப்பிரச்சினை ஒலிக்காமற் போகவில்லை.

உவமையை வெளிப்படையாகவே பொருளாதாரத்துக்கு மீட்டவர் யோன் றஸ்கின். 1860இல் கோண்ஹில் என்ற சஞ்சிகையிலே அவர் நான்கு கட்டுரைகள் எழுதினார். வாசகரின் எதிர்ப்புக் காரணமாக ஆசிரியர் தக்கரே தொடரை நிறுத்த நேர்ந்தது. 1862இல் அவை நூலாயின. ‘கடையனுக்கும்’ என்று பொருள்படும் அந்நூலின் தலைப்பு இவ்வுவமையிலிருந்து எடுக்கப்பட்டது. நூலின் முகப்பிலே இரு வேதவசனங்கள் உண்டு. ஒன்று, எசமான் தன் வேலையாளுக்குச் சொன்ன மறுமொழி. மற்றது, சகரியா நூலிலே வரும் முப்பது வெள்ளிக்காசின் விலை. நியாயமான கூலியையும் காட்டிக்கொடுப்பின் விலையையும் அருகருகே வைத்து, முதலாளித்துவச் சந்தை இவ்விரண்டில் எதனைக் கொடுக்கின்றது என்று அவர் கேட்கின்றார். வைத்தியரையும் படைவீரரையும் நாம் விலைபேசி ஏலத்தில் எடுப்பதில்லையே, தொழிலாளரை மட்டும் ஏன் அவ்வாறு செய்கிறோம் என்பது அவரது வாதம். திராட்சரச வணிகத்திலே செல்வந்தரான தந்தையின் மகன் திராட்சத் தோட்டக் கூலியைப் பற்றி எழுதியமை தற்செயலாயினும் பொருள் பொதிந்தது.

ஆயினும் றஸ்கின் முன்வைத்த திட்டத்தை நுணுகி நோக்கின், நிலைத்த கூலி என்ற கொள்கையோடு, நல்ல வேலையாள் அமர்த்தப்படுவான், திறமையற்றவன் அமர்த்தப்படான் என்ற கொள்கையும் இணைந்திருத்தலை அவதானிக்கலாம். கடைத்தெருவிலே மாலைவரை நின்றவனை அது அங்கேயே விட்டுவிடும். இக்குறையை உணர்ந்தே போலும், தொழிலற்றோருக்கு அரசாங்கம் வேலை கொடுத்தல், முதியோருக்கும் வறியோருக்கும் ஆதரவளித்தல் ஆகியவற்றை நூலின் முன்னுரையில் அவர் வற்புறுத்தினார். தயாளத்திலிருந்து சட்டத்துக்குச் செல்லும் பாதையிலே அது ஒரு முக்கியமான படியாகும்.

1904இல் யொகானஸ்பேர்க் நகரிலிருந்து டேர்பன் நகருக்குப் புகைவண்டியிற் பயணஞ் செய்தபோது, ஹென்றி போலக் என்ற நண்பர் கொடுத்த அந்நூலைக் காந்தியடிகள் ஓரிரவில் படித்துமுடித்தார். வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் ஒரே மதிப்பு என்ற பாடத்தைத் தாம் அதிலிருந்து பெற்றதாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். அதன் விளைவாகத் தோன்றிய பீனிக்ஸ் குடியிருப்பிலே, நிறமும் நாடும் பாராது ஒவ்வொருவருக்கும் மாதம் மூன்று பவுண் என்று வகுக்கப்பட்டது. ஒரு தெனாரியம் மூன்று பவுணாக உருப்பெற்ற இந்நிகழ்ச்சி, ஓர் உவமை நடைமுறையாவதற்கு அரியதோர் உதாரணம். 1908இல் அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியிலே எழுதி அதற்குச் ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார். ஆனால் பிற்காலத்திலே அவர் வளர்த்த தர்மகர்த்தாக் கொள்கை, செல்வத்தைச் செல்வந்தரின் கையிலேயே விட்டுவைத்து, அதனை மக்களின் பொருட்டு அவர்கள் பரிபாலிக்க வேண்டும் என்று வேண்டியது. இதனால் உவமையின் ஒளியோடு அதன் எல்லையும் அவரிடத்து வந்து சேர்ந்தது. தோட்டம் எசமானுடையதாகவே இருந்தது. அவன் தயாளனாயிருக்குமாறு மன்றாடுவதன்றி வேலையாளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

அளந்து கொடுக்கும் நீதியின் போதாமையை, கடவுளைத் துணைக்கு அழையாமலே, 1875இல் கார்ல் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். கோதா வேலைத்திட்டம் பற்றிய அவரது விமர்சனத்திலே வரும் வாதம் இது. உழைப்பின் அளவுக்கேற்பப் பங்கு என்பது முன்னைய சமுதாயத்தைவிட மேலானதே. ஆயினும் ஒருவன் வலியவன், ஒருவன் மெலியவன். ஒருவனுக்குப் பிள்ளைகள் அதிகம், ஒருவனுக்குக் குறைவு. இவர்களை ஒரே அளவுகோலால் அளக்கும் சமவுரிமை உண்மையிற் சமமின்மையின் உரிமையே. ஆகவே ஒவ்வொருவரின் ஆற்றலுக்கேற்ற உழைப்பு, தேவைக்கேற்ற பங்கு என்ற நிலையை அவர் எதிர்காலத்தின் குறிக்கோளாக வைத்தார். ஆதிக் கிறிஸ்தவர் தம் உடைமையை விற்று, அவரவர் தேவைக்குத் தக்கதாகப் பகிர்ந்தனர் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறுவதை அறிந்தவர்களுக்கு இக்கருத்தின் சாயல் புதிதன்று.

முற்போக்காளராகிய நாமும் நம்மையே சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்றுண்டு. வேலைசெய்ய விரும்பாதவன் உண்ணவும் வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். 1936ஆம் ஆண்டின் சோவியத் அரசியலமைப்பு, தன் 12ஆம் உறுப்பில் இக்கருத்தை எடுத்தாண்டபோது, விரும்பாதவன் என்பது செய்யாதவன் என்றாயிற்று. அதே உறுப்பிலே பங்கீட்டுக்குத் தேவையன்றி உழைப்பே அளவாக வைக்கப்பட்டது. விரும்பாதவனுக்கும் செய்யாதவனுக்கும் இடையிலுள்ள தூரத்திலேதான், ஒருவரும் எங்களை அமர்த்தவில்லை என்று சொன்னவர்கள் நிற்கின்றனர். உழைப்பைப் போற்றும் எந்த இயக்கமும் உழைக்க இடம் கிடையாதவனை, நோயாளியை, முதியவனை மறந்துவிடக் கூடும். அந்த மறதிக்கு எதிராக இவ்வுவமை இன்னும் பேசுகின்றது.

ஆகவே நாம் இக்கதையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியதும் விட்டுவிட வேண்டியதும் யாவை என்பது இப்போது தெளிவாகும். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அளவுகோல். மனிதன் செய்த வேலையின் மணிகளைக் கணக்கிடாமல், அவன் வீட்டிற் பசித்திருக்கும் வாய்களை நோக்கிய அளவுகோல் அது. கடவுளின் தயாளம் என்று விசுவாசிகள் போற்றுவது, மனித நீதி இன்னும் எட்டிப்பிடிக்காத ஓர் எல்லையைச் சுட்டிநிற்கின்றது. அவ்வகையில் அதனை மதிக்க நாம் விசுவாசிகளாயிருக்க வேண்டிய அவசியமில்லை. விட்டுவிட வேண்டியது, அந்த அளவுகோலை ஒருவனுடைய விருப்பத்தின் கையில் வைத்திருக்கும் ஏற்பாடு. இன்று கொடுக்கும் விருப்பம் நாளை கொடாதிருக்கவுங் கூடும். நியூவாக் குடியிருப்பாளர் அதனைத் தம் வீட்டு வாசலிலே கண்டனர்.

முதலில் வந்த வேலையாளின் முறுமுறுப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பகல் முழுதும் வெயிலைச் சுமந்தவனின் களைப்பைப் பழிப்பது விமர்சகனுக்கு அழகன்று. ஆனால் அவன் தன் முகத்தைத் திருப்பிய திசை தவறானது. அவன் கடைசி ஆளின் கையிலுள்ள நாணயத்தைப் பார்த்தான். அந்த நாணயத்தைக் கொடுக்கவும் கொடாதிருக்கவும் வல்ல கையைப் பார்க்கவில்லை. அவனுக்கும் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் உள்ள வேறுபாடு, அன்று காலை எசமானின் கண் யார்மீது முதலில் விழுந்தது என்பதே. நாளை அது வேறொருவன்மீது விழலாம். இவனே மாலைவரை நிற்க நேரலாம். இதனை அவன் உணர்ந்திருந்தால், இவர்களை எங்களுக்குச் சமமாக்கினாய் என்ற சொல் அவன் வாயிலிருந்து முறைப்பாடாக வந்திராது.

கதை எசமானின் கேள்வியோடு முடிகின்றது. ஆனால் மறுநாட் காலையும் உண்டு. விடியுமுன் அதே கடைத்தெருவிலே முதல்வந்தவனும் கடைசியாக வந்தவனும் ஒருங்கே வந்து நிற்கவேண்டியவர்களே. நேற்றைய தெனாரியம் இரவோடு செலவாகிவிட்டது. அங்கே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை மத்தேயு எழுதவில்லை. அதனைச் சிந்திப்பது வாசகராகிய நம்முடைய பொறுப்பு.